சி.வி.டி. கார் ஜெர்க் அடிக்கிறதா? கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

சி.வி.டி. என்பது படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சி.வி.டி. கார் சீராக வேகம் எடுக்க வேண்டும். அப்படி எடுக்காமல் விட்டுவிட்டு இழுத்தாலோ குலுங்கினாலோ பலரும் முதலில் சந்தேகிப்பது கியர் பாக்ஸைத்தான். சென்னையில் நான் ஓட்டும் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு சர்வீஸ் சென்டரில் கியர் பாக்ஸை முழுதாக மாற்றச் சொல்லி, ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கடைசியில் பழுதாக இருந்தவை ஓர் இக்னிஷன் காயிலும் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்), யாரும் மாற்றாமல் விட்ட பழைய சி.வி.டி. ஆயிலும்தான். எல்லாக் கார்களுக்கும் இவ்வளவு எளிதாக முடியும் என்று சொல்ல மாட்டேன். சில கார்களில் கியர் பாக்ஸ் உண்மையிலேயே கெட்டிருக்கும். ஆனால் சோதனைகளைச் சரியான வரிசையில் செய்தால், செலவு குறைந்த காரணங்கள் முதலில் விலகிவிடும். அந்த வரிசை இது.

1. உங்கள் காரில் இருப்பது சி.வி.டி.தானா என்று உறுதிசெய்யுங்கள்

கிளட்ச் பெடல் இல்லாத கார்களை எல்லாம் பொதுவாக ‘ஆட்டோமேட்டிக்’ என்கிறோம். அவற்றில் சி.வி.டி., ஏ.எம்.டி., டார்க் கன்வெர்ட்டர், இரட்டைக் கிளட்ச் என்று முக்கியமாக நான்கு வகை உண்டு, ஜெர்க்குக்கான காரணம் வகைக்கு வகை மாறும். காரின் பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மாருதி பலேனோவில் முதலில் வந்தது சி.வி.டி.; 2022-இல் புதுப்பித்து வந்தபோது அதற்குப் பதிலாக ஏ.ஜி.எஸ். எனப்படும் ஏ.எம்.டி. (மேனுவல் கியர் பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் கணினியே இயக்கும் வகை) வந்தது. ஹோண்டா சிட்டி பெட்ரோலில் 2014-க்கு முந்தைய தலைமுறையில் இருந்தது ஐந்து கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) பெட்டி, அதன்பின் சி.வி.டி. நிசான் மேக்னைட்டில் டர்போ எஞ்சினுக்கு சி.வி.டி., சாதாரண எஞ்சினுக்கு ஏ.எம்.டி. ஹூண்டாய், கியா கார்களில் ஐ.வி.டி. என்று எழுதியிருப்பதும் சி.வி.டி.யின் ஒரு வகையே. ஏ.எம்.டி. கியர் மாற்றும்போது சிறிய தயக்கம் வருவது அதன் இயல்பு. அதை சி.வி.டி. பழுதாக நினைத்து ஆயிலை மாற்றினால் பணம்தான் வீணாகும்.

ஹைபிரிட் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் ஆகியவற்றில் உள்ள இ-சி.வி.டி.யில் பெல்ட்டும் புல்லியும் கிடையாது. இலங்கையில் நிறைய ஓடும் டொயோட்டா அக்வாவுக்கும் இது பொருந்தும். அங்கே பரவலாக உள்ள முதல் தலைமுறை ஹோண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளட்ச் பெட்டி, சி.வி.டி. அல்ல. பெல்ட் உள்ள சி.வி.டி. கார்களுக்கு மட்டுமே கீழே சொல்லும் ஆயில் வேலைகள் பொருந்தும். உரிமையாளர் கையேட்டில் கியர் பாக்ஸ் ஆயிலின் பெயரைப் பார்த்தாலே எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

2. இயல்பு எது, கோளாறு எது என்று பிரியுங்கள்

சி.வி.டி.யில் நிலையான பல்சக்கர கியர்கள் இல்லை. அகலம் மாறக்கூடிய இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஓடுகிறது. ஆயில் அழுத்தம் புல்லிகளை நெருக்கிப் பெல்ட் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் உயர்வதும், வேகம் சற்றுப் பின்னால் வருவதும் இயல்பானவை. சில மாடல்களில் கியர் மாறுவதுபோலத் தோன்றும்படி மென்பொருளே ஆர்.பி.எம்.மை ஏற்றி இறக்குவதும் கோளாறு அல்ல.

காலை அசைக்காமல் வைத்திருக்கும்போது ஆர்.பி.எம். முள் மேலும் கீழும் ஆடுவது, 30 முதல் 60 கி.மீ. வேகத்தில் லேசாக மிதிக்கும்போது சாலையின் அதிர்வுக் கோடுகள் மேல் ஓடுவது போன்ற நடுக்கம், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறல் ஆகியவை கோளாறுகள். எஞ்சின் உறுமியும் வண்டி நகராமல் இருந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருளாகலாம். அந்த நிலையில் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் புல்லியின் முகத்தில் கீறல் விழும், அதன்பின் ஆயில் மாற்றிப் பயனில்லை. இழுத்துச் செல்ல நேர்ந்தால் பிளாட்பெட் வண்டியையே கேளுங்கள். இந்தியாவில் விற்கும் சி.வி.டி. கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றின் முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது.

3. ஜெர்க் எப்போது வருகிறது என்பதை எழுதி வையுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான். சர்வீஸ் சென்டரில் ‘வண்டி ஜெர்க் அடிக்கிறது’ என்று மட்டும் சொன்னால், சூப்பர்வைசர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லக்கூடும். அதற்கு இடம் கொடுக்காதபடி கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, அரை மணி நேரம் நெரிசலில் ஓடிய பிறகா? எத்தனை கி.மீ. வேகத்தில், எத்தனை ஆர்.பி.எம்.மில்? சமதரையிலா, மேம்பாலம் ஏறும்போதா? ஏ.சி.யை அணைத்தால் குறைகிறதா? கியர் லீவரை எஸ் அல்லது எல் நிலையில் வைத்து ஓட்டினால் மறைகிறதா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள், அண்மையில் என்ன வேலை நடந்தது?

ஒவ்வொரு விடையும் ஒரு திசையைக் காட்டும். ஏ.சி. கம்ப்ரெசர் ஓடத் தொடங்கும் நொடியில் மட்டும் உதறினால் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்), எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடி), ஏ.சி. கம்ப்ரெசர் ஆகியவற்றைப் பாருங்கள். எஸ் நிலையில் எஞ்சின் கூடுதல் ஆர்.பி.எம்.மில் ஓடுவதால், அங்கே ஜெர்க் மறைந்தால் மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) லாக்-அப் கிளட்ச்சோ (பல சி.வி.டி.களிலும் உள்ள டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) காரணமாகலாம். இரண்டில் எது என்பதைப் பிறகு காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லும். பலத்த மழைக்குப் பிறகு பெட்ரோல் போட்டதும் தொடங்கியிருந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் அதிகமானால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்.

எஞ்சின் ஆயில் மாற்றிய அன்றே ஜெர்க் ஆரம்பித்திருந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். சில கார்களில் எஞ்சின் ஆயில் போல்ட்டும் சி.வி.டி. ஆயில் போல்ட்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால், அனுபவமில்லாதவர்கள் சி.வி.டி. ஆயிலை வடித்துவிட்டு எஞ்சினில் இன்னொரு மடங்கு ஆயில் ஊற்றிவிடுவது உண்டு. டிப்ஸ்டிக்கில் எஞ்சின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் சந்தேகம் உறுதியாகிறது.

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, வேகமும் ஆர்.பி.எம்.மும் தெரியும்படி மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் எடுக்க வேண்டாம். முள் ஆடுவது தெளிவாகத் தெரியும் அரை நிமிட வீடியோ ஒன்று இருந்தால், பிறகு யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது.

4. ஆவணங்களைத் திரட்டி, வாரண்டித் தேதியைப் பாருங்கள்

ஆர்.சி., வாரண்டிப் புத்தகம், எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அதன் சான்றிதழ், இதுவரையிலான சர்வீஸ் பில்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பழைய கார் வாங்கியவரிடம் பில்கள் இருக்காது, ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால், பதிவு எண்ணைக் கொடுத்து அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். அதில் சி.வி.டி. ஆயில் எத்தனை கி.மீ.யில் மாற்றப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்பதே முக்கியம். அந்த வரி இல்லையென்றால் ஆயில் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, முதலில் வண்டியைக் கொண்டுபோய் ஜாப் கார்டில் புகாரைப் பதியுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் எழுத்தில் பதிவான புகார், பழுது பிறகு முற்றினாலும் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுத விடாதீர்கள். ‘40 முதல் 50 கி.மீ. வேகத்தில், எஞ்சின் சூடான பிறகு, லேசான ஆக்சிலரேட்டரில் நடுக்கம்’ என்று நீங்கள் குறித்துவைத்த சொற்களிலேயே எழுதச் சொல்லி நகலை வாங்குங்கள். வாரண்டி நடப்பில் இருக்கும்போது கியர் பாக்ஸ் வேலையை வெளியே கொடுக்காதீர்கள். வெளியே கைவைத்தார்கள் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கோரிக்கையை மறுக்க வழி கிடைத்துவிடும்.

5. எரர் கோடுகளை அழிக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள்

2013-க்குப் பின் இந்தியாவில் விற்ற பெட்ரோல் கார்களில் ஸ்கேனரைச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். புளூடூத் அடாப்டர் ஒன்று 600 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அதைக் கொண்டு எஞ்சின் கோடுகளை (பழுதைக் குறிக்கும் குறியீடுகளை) படிக்கலாம். ஆனால் கியர் பாக்ஸ் கணினியின் முழு விவரத்தைப் படிக்க, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெரிய ஸ்கேனர் தேவைப்படும். அதற்கு நான் விசாரித்த இடங்களில் 500 முதல் 1,500 ரூபாய் வரை கேட்டார்கள்.

பி0300 முதல் பி0304 வரை வந்தால் அது எஞ்சின் மிஸ்ஃபயர். பி0740, பி0744 ஆகியவை டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் பற்றியவை. பி0746, பி0776 ஆகியவை ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டு பற்றியவை. நிசான் கார்களில் பி17எஃப்0, பி17எஃப்1 என்று வந்தால் சி.வி.டி. நடுக்கத்தையே கணினி பதிவுசெய்திருக்கிறது என்று பொருள்.

கோடு பதிவான நொடியில் இருந்த வேகம், வெப்பம், ஆர்.பி.எம். ஆகியவை ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ பகுதியில் இருக்கும். அந்தத் திரையைப் படமெடுக்கும் வரை கோடுகளை அழிக்கவோ பேட்டரியைக் கழற்றவோ விடாதீர்கள். ‘கோடு அழித்துவிட்டேன், ஓட்டிப் பாருங்கள்’ என்று வண்டியைத் திருப்பித் தருவது சிகிச்சை அல்ல. அதோடு சான்றும் போய்விடும்.

நல்ல ஸ்கேனரும் பொறுமையான மெக்கானிக்கும் கிடைத்தால், ஜெர்க் வரும் சாலையிலேயே வண்டியை ஓட்டி நேரலை விவரங்களைப் பதியச் சொல்லுங்கள். லாக்-அப் ஆன பிறகு எஞ்சின் ஆர்.பி.எம்.மும் டர்பைன் (டார்க் கன்வெர்ட்டரில் கியர் பாக்ஸ் பக்கம் சுழலும் பகுதி) ஆர்.பி.எம்.மும் ஒன்றாகவே ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் வந்து வந்து போனால் குற்றம் லாக்-அப் கிளட்ச்சில். அவை ஒன்றாக இருந்து, புல்லி விகிதம் மட்டும் ஆடினால் வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் வால்வுத் தொகுதி) அல்லது பெல்ட். இரண்டுமே சீராக இருந்து மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறினால் எஞ்சின்.

6. முதலில் எஞ்சின் பக்கத்தை முடியுங்கள்

எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக சி.வி.டி. எஞ்சினைக் குறைந்த ஆர்.பி.எம்.மில் அதிகச் சுமையோடு ஓட வைக்கிறது. பலவீனமான காயிலும் தேய்ந்த பிளக்கும் தடுமாறுவது அந்த நிலையில்தான். அதனால்தான் எஞ்சின் பழுது கியர் பாக்ஸ் பழுதுபோலவே காலுக்குத் தெரிகிறது.

காயிலைச் சோதிக்கச் செலவே இல்லை. பி0302 வந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, படமெடுத்துவைத்த கோடை இப்போது அழித்துவிட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். அடுத்து பி0303 வந்தால் பழுது காயிலோடு இடம் மாறியிருக்கிறது. அந்தக் காயில்தான் கெட்டது. மறுபடி பி0302-வே வந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று தொடர வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சின்களுக்கே இந்தச் சோதனை பொருந்தும்.

ஒரு காயில் 1,500 முதல் 4,000 ரூபாய் வரை ஆகும். இரிடியம் பிளக்குகள் சுமார் 1 லட்சம் கி.மீ. வரை தாங்கும், சாதாரண நிக்கல் பிளக்குகளின் ஆயுள் அதில் பாதிகூட இராது. பிளக் மாற்றும்போது காயிலின் ரப்பர் குழலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் அங்கே இறங்கி மிஸ்ஃபயர் தரும். ஏர் ஃபில்டரைப் பார்ப்பதும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதும் அரை நாள் வேலை, 1,500 ரூபாய்க்குள் முடியும். சுத்தம் செய்த பிறகு ஐடில் ரீலேர்ன் (நின்றபடி ஓடும் வேகத்தைக் கணினிக்கு மறுபடி பழக்குவது) செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் புதிதாக ஒரு தடுமாற்றம் தோன்றி உங்களைக் குழப்பும்.

எஞ்சின் மவுண்ட்டையும் விடாதீர்கள். பிரேக்கை நன்றாக மிதித்தபடி, முன்னால் யாரும் நிற்காத இடத்தில், டி-க்கும் ஆர்-க்கும் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் பெரிதாகத் துள்ளினால் மவுண்ட் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு.

7. சி.வி.டி. ஆயில்: செலவு குறைவு, ஏமாற்றம் அதிகம்

எஃகுப் புல்லியும் எஃகு பெல்ட்டும் வழுக்காமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கென்றே தயாரிக்கப்படுவது சி.வி.டி. ஆயில். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை இதில் ஊற்றினால் பெட்டி கெட்டுவிடும். ஹோண்டாவின் புதிய சி.வி.டி.களுக்கு எச்.சி.எஃப்-2, நிசானுக்கு மாடலைப் பொறுத்து என்.எஸ்-2 அல்லது என்.எஸ்-3, டொயோட்டாவுக்கு எஃப்.இ. என்று தனித்தனி வகைகள் உண்டு. ‘எல்லா சி.வி.டி.க்கும் ஒரே ஆயில் போதும்’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கையேட்டில் உள்ள பெயர் அச்சிட்ட, சீல் உடையாத டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பில்லிலும் அந்தப் பெயர் வர வேண்டும்.

வடித்து ஊற்றும் முறையையே கேளுங்கள். ஒருமுறை வடித்தால் உள்ளே இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் வால்வ் பாடியிலும் தங்கிவிடும். ஆகவே பழைய ஆயில் கறுத்திருந்தால், 1,000 கி.மீ. ஓட்டிய பிறகு இன்னொரு முறை மாற்றுவது நல்லது. இயந்திரத்தால் அழுத்தி வெளியேற்றும் ஃப்ளஷ் முறையை, நீண்ட நாள் ஆயில் மாற்றாத பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வடித்த ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருகிய நாற்றம் வந்தால் பெட்டி சூடேறி ஓடியிருக்கிறது. வெண்மையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்திருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆயில் பானைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். சில பெட்டிகளில் அது வடிகால் போல்ட்டிலேயே இருக்கும். அதில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் நெருடும் துகள்களோ மினுக்கும் சில்லுகளோ இருந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. ஆயில் மாற்றம் மட்டும் அதைச் சரிசெய்யாது.

பல சி.வி.டி.களில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாக நிறுத்தி, எஞ்சின் ஓட, கையேடு சொல்லும் ஆயில் வெப்பத்தில் லெவல் போல்ட்டைத் திறந்து பார்த்தே அளவு முடிவாகும். கொதிக்கும் வெயிலில் ஓட்டி வந்த வண்டியில் உடனே அளவு பார்த்தால் தவறாகவே வரும். எவ்வளவு வடிந்ததோ அதை லிட்டர் கணக்கில் குறித்து, ஊற்றியதோடு ஒப்பிடுங்கள்.

3 முதல் 4 லிட்டர் ஆயில், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 4,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முடியும். கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. வெப்பத்திலும் நெரிசலிலும் ஓடும் நம் ஊர் கார்களுக்கு, கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று சொல்லியிருக்கும் இடைவெளியைப் பின்பற்றுங்கள். நான் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

8. கணினியைப் புதிய நிலைக்குப் பழக்குங்கள்

ஆயிலோ வால்வ் பாடியோ மாற்றிய பிறகு, மாடலைப் பொறுத்து ஸ்கேனர் வழியாக அளவீட்டுப் பதிவைச் செய்ய வேண்டியிருக்கும். நிசான் கார்களில் ஆயில் தேய்மான எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டருக்குப் பதில் ஸ்டார்ட் கிளட்ச் உள்ள பழைய ஹோண்டா சி.வி.டி.களில் கிளம்பும்போது வரும் உதறலுக்கு, சரியான ஆயிலோடு ஸ்டார்ட் கிளட்ச் அளவீடும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். உங்கள் காருக்கு மென்பொருள் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள்.

9. கியர் பாக்ஸ்தான் என்று தெரிந்தால்

மேலே சொன்னவை முடிந்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால், ‘மொத்தமாக மாற்று’ என்பதற்கு முன் உள்ள படிகளைக் கேளுங்கள்: சோலினாய்டு, வால்வ் பாடி, டார்க் கன்வெர்ட்டர், பிறகு பெல்ட்டும் புல்லியும். எந்த அளவீட்டை வைத்து எந்தப் பாகத்தை முடிவு செய்தார்கள் என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வால்வ் பாடி வேலைக்கு நான் கேட்ட விலைகள் 30,000 ரூபாயிலிருந்து தொடங்கின. புதிய பெட்டி என்றால் 1.5 லட்சத்துக்கு மேல். உதிரிபாகம் ஊரில் கிடைக்காமல் வரவழைக்க வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டியைப் பிரித்துப் போடாமல் வைத்திருக்க ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பிரித்த வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். செய்த வேலைக்கு எத்தனை மாதம், எத்தனை கி.மீ. உத்தரவாதம் என்பது பில்லில் அச்சாகியிருக்க வேண்டும்; வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

10. சர்வீஸ் சென்டர் மறுத்தால்

முதலில் உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு நகல், வீடியோ, ஸ்கேன் படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது; 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் முடியும். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். சர்வீஸ் சென்டர் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே முதல் ஜாப் கார்டின் தேதியை வைத்தே காலக்கெடுவைக் கணக்கிட்டு, அதற்குப் போதுமான முன்னதாகவே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.